பிரேக்கம்மா பேசாமல் இருந்த மத்தியானம்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை எங்கள் ஊரில் பிரேக்கம்மா என்று சொன்னால்தான் தெரியும். பயிற்சிப் பள்ளிக் கார்களில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காலுக்கடியில் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். நாம் தடுமாறினால் அவர் மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். எங்கள் பிரேக்கம்மா அதை மிதிக்கும் வேகம் பேர்போனது. எதிரே நாய் வருவது நம் கண்ணில் படுவதற்கு முன்பே வண்டி நின்றிருக்கும், நம் மூக்கு ஸ்டீயரிங்கில் இருக்கும். அவர் பஸ்ஸில் பயணியாகப் போனாலும் வளைவுகளில் கால் தரையை அழுத்தும். கண்ணாடி வெட்டி விற்கும் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர், "இவளை ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார வெச்சா என் கணுக்கால்தான் இவளுக்கு பிரேக்கு" என்று வாடிக்கையாளர்களிடம் புலம்புவார்.

இப்படிப்பட்ட ஒருவரை, பிள்ளைகள் தாங்களே நடத்தும் ஒரு சாரணர் படைக்குத் துணைக்கு வரும்படி கூப்பிட்டவர் பல் டாக்டர். ஊரிலேயே இளைய பல் டாக்டர் அவர். மற்றவர் வாய்க்குள் இயந்திரம் விடும்போது நடுங்காத அந்தக் கை கிளட்ச் விடும்போது மட்டும் காலோடு சேர்ந்து நடுங்கும். பிரேக்கம்மாவிடம் பயின்றவர்களில் அவரைப் போல மோசமான மாணவர் வேறு யாரும் இல்லை. சின்ன வயதில் அதே படையில் இருந்துவிட்டு, பெரியவரானதும் அதற்குப் பொறுப்பாளராகத் திரும்பி வந்திருந்தார். படையில் பெண் பிள்ளைகளும் இருந்ததால் ஒரு பெண்ணும் துணைக்கு இருக்க வேண்டும் என்பது விதி. முன்பு இருந்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பிரேக்கம்மாவின் மகன் அப்போதுதான் படையில் சேர்ந்திருந்தான்.

"எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தவங்க எதுக்கும் பயப்பட மாட்டாங்கக்கா, அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றார் டாக்டர்.

"நான் என்ன செய்யணும்?"

"உக்காரணும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அவர் கேலி செய்கிறார் என்று பிரேக்கம்மா நினைத்தார். டாக்டர் விளக்கினார். பிள்ளைகள் நான்கு அணிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு அணியும் தனக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். எல்லோரும் சேர்ந்து படைக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். எங்கே முகாம் போடுவது, என்ன சமைப்பது, யார் விறகு பொறுக்குவது, சண்டை வந்தால் எப்படித் தீர்ப்பது என்று எல்லாவற்றையும் அந்த ஐந்து பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். பெரியவர்களுக்குத் தள்ளிப் போட்ட நாற்காலி ஒன்று உண்டு.

"எவ்வளவு தள்ளி?"

"எல்லாரும் உங்க கண்ணுல படணும். நீங்க முணுமுணுத்தா அது அவங்க காதுல விழக்கூடாது. அந்தத் தூரம்."

"யாராவது வந்து ஏதாவது கேட்டா?"

"'உன் அணித்தலைவர்கிட்ட கேட்டியா'ன்னு கேளுங்க."

"அணித்தலைவரே வந்து கேட்டா?"

"'நீ என்ன நினைக்கிறே'ன்னு கேளுங்க."

"இதுக்கு ஒரு கிளியை வாங்கிப் பழக்கிடலாமே டாக்டர்!"

டாக்டர் சிரித்தார். "உசுருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா கிளி எந்திரிச்சு ஓடாதுக்கா. நீங்க ஓடுவீங்க. அதுக்குத்தான் நீங்க."

முதல் முகாமில் பிரேக்கம்மா நாற்காலியில் உட்கார்ந்தார் என்று சொல்வது சரியில்லை. நாற்காலிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் மிதந்துகொண்டிருந்தார். ஒருவன் கத்தியைத் தப்பாகப் பிடித்தால் எழுந்தார். ஒருத்தி உப்பு டப்பாவை மூடாமல் வைத்தால் எழுந்தார். உருளைக்கிழங்கு உள்ளே வேகாமல் வெளியே கருகியபோது இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் டாக்டர் கண்ணைப் பார்த்து உட்கார்ந்தார். பிள்ளைகள் அந்தக் கிழங்கைக் கடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மறுபடியும் சட்டியில் போட்டார்கள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. யாரும் செத்துப்போகவில்லை என்பது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் விடியும் நேரத்தில்தான் தப்பு நடந்தது. காற்று எழும்பியது. பிள்ளைகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூடாரங்களில் ஒன்றின் கயிறு தொளதொளவென்று ஆடியது. படையிலேயே சின்னவன் கட்டியது அது. வட்ட முகமும் பெரிய கண்களுமாக இருந்ததால் அவனைப் பொத்தான் என்று கூப்பிடுவார்கள். பிரேக்கம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பூனைபோல் போய் முளைகளைப் பிடுங்கி ஆழமாக அடித்து, கயிறுகளை இறுக்கிக் கட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

எல்லோரும் எழுந்தபோது பொத்தான் தன் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். "பார்த்தீங்களா! இவ்வளவு காத்துக்கும் நின்னுச்சு! நான் கட்டினது!" என்று ஒவ்வோர் அணியாகப் போய்ச் சொன்னான். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு அணித்தலைவன் அவனைத் தோளில்கூடத் தூக்கிக்கொண்டான்.

அப்போது பிரேக்கம்மாவின் மகன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "எங்கம்மா காலையில எந்திரிச்சு இறுக்கிக் கட்டினாங்க. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பொத்தான் அழவில்லை. தோளிலிருந்து இறங்கினான். போய் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். கூடாரம் மெதுவாகப் படுத்தது. அந்தத் துணிமேல் ஏறி, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

படைத் தலைவி அவன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயது பதினைந்து. அவளை மெல்லிசு என்பார்கள். உடம்புக்கு வைத்த பெயர் இல்லை, குரலுக்கு வைத்தது. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பிறகு எழுந்து நாற்காலிக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அவன் கூடாரம் விழுந்திருந்தா அவனை எப்படித் தேத்துறதுன்னு எங்களுக்குத் தெரியும். எங்க எல்லாருக்கும் விழுந்திருக்கு. இது விழாம போனதுக்கு என்ன சொல்லித் தேத்துறதுன்னுதான் தெரியல."

பிரேக்கம்மா வீட்டுக்கு வந்ததும் பையைக் கூடத்தில் போட்டுவிட்டுக் கணவரிடம், "நான் இனிமே போகலங்க. எனக்கும் அதுக்கும் ஒத்து வராது" என்றார். நடந்ததைச் சொன்னார். கணவர் ஒரு கண்ணாடித் தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பையன் மறுபடி கட்டினானா?"

"கட்டினான்."

"நின்னுச்சா?"

"கோணலா நின்னுச்சு."

"அப்ப போ."

அவர் போனார். பேசாமல் இருக்கப் பழகியது அவருக்கு வண்டி ஓட்டப் பழகியதைவிடக் கஷ்டமாக இருந்தது. வாய் துறுதுறுக்கும்போதெல்லாம் ஒரு மிட்டாயை எடுத்துப் போட்டுக்கொள்வார். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் கன்னம் உப்பியிருந்தால் எங்கேயோ ஏதோ தப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "ஏய், ரெண்டு கன்னமும் உப்பியிருக்குடா" என்று யாராவது கத்தினால் எல்லோரும் தங்கள் அடுப்பையும் கயிற்றையும் திரும்பிப் பார்ப்பார்கள். டாக்டர் பல்லைப் பற்றிக் கவலைப்பட்டார்.

அந்த மாதங்களில் அவருக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை. இத்தனை கணீர்க் குரல்கள் இருக்கும்போது, இந்தப் பிள்ளைகள் குரலே இல்லாத ஒருத்தியைப் போய்த் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது ஏன்? ஒருநாள் மகனிடம் கேட்டார். அவன், இது தெரியாதா என்பதுபோல் பார்த்தான். "அவ பேசுறது கேக்கணும்னா எல்லாரும் கிட்ட வரணும்மா. கிட்ட வந்து நின்னா சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க முடியாது." சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஆண்டு மலையடிவாரத்தில் முகாம். ஆற்றங்கரையில் பச்சைப் புல்லும் பெரிய மரங்களுமாக ஒரு சமவெளி. பிள்ளைகளே வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். ஆறு என்றுதான் பெயரே தவிர, முழங்கால் நனையாமல் கல்மேல் கல்லாகத் தாவிக் கடந்துவிடலாம். அப்படிக் கடந்துதான் வந்தார்கள். டாக்டரோடு பிரேக்கம்மாவின் கணவரும் கடையைப் பூட்டிவிட்டுத் துணைக்கு வந்திருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு சிறுமிக்குக் காது வலி தாங்க முடியவில்லை. டாக்டர் அவளையும் அவள் தோழியையும் கூட்டிக்கொண்டு, ஆற்றைக் கடந்து, பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கிளம்பினார். "சாயங்காலத்துக்குள்ள வந்திடுவேன்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மத்தியான வெயில் சுள்ளென்று அடித்தது. மேகம் என்று சொல்ல வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. அடுப்புகள் புகைந்தன. பிரேக்கம்மா நாற்காலியில் இருந்தார். அவர் கணவர் மரத்தடியில் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

தண்ணீர் எடுக்கும் முறை அன்று பொத்தானின் அணிக்கு. அவன் வாளியோடு திரும்பி வந்து தன் அணித்தலைவியிடம் முறையிட்டான். "தண்ணி காப்பி மாதிரி இருக்கு. காலையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நான் கலக்கல, சத்தியமா." வேறு எங்காவது என்றால், போய் வேற வாளி எடுத்துட்டு வாடா என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த அணித்தலைவி வாளிக்குள் பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மெல்லிசிடம் போனாள். மெல்லிசு வாளியைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள், "எங்கேருந்து எடுத்தே, காட்டு" என்று அவனோடு ஆற்றுக்கு இறங்கினாள்.

பிரேக்கம்மா நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் கரையில் நின்றார்கள். பொத்தான் எதையோ சுட்டிக் காட்டினான். அவன் நின்று வாளி முக்குகிற தட்டைக் கல் தண்ணீருக்குள் போயிருந்தது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. மெல்லிசு அசையாமல் நின்றாள். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஏதோ கேட்பவள்போல் இருந்தாள். பிறகு திரும்பி மேலே வந்து நான்கு தலைவர்களையும் கூப்பிட்டாள்.

ஐந்து பேரும் நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளி வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு அணித்தலைவனின் பேச்சு மட்டும் காதில் விழுந்தது. எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பதால் அவனை வக்கீல் என்பார்கள். குரலும் அதற்கேற்ற குரல்.

"இன்னைக்கு வெயிலைப் பாரு! ஒரு சொட்டு மழை இல்ல. அடுப்புல சாப்பாடு கொதிக்குது. எல்லாத்தையும் பிடுங்கி மேல கொண்டுபோய் மறுபடி கட்டணும்னா சின்னப் பசங்க செத்திடுவாங்க. எதுக்கு? தண்ணி கலங்கலா இருக்குன்னா?"

மெல்லிசு அவனை நிறுத்தவில்லை. அவன் சொல்ல வந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து நாற்காலிக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, தண்ணி ஏறுது. கொஞ்சந்தான். இலையும் குச்சியுமா வருது. சத்தம் வேற மாதிரி இருக்கு. கூடாரத்தை எல்லாம் மேட்டுக்கு மாத்திடலாமான்னு பேசிக்கிட்டிருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?"

பிரேக்கம்மா வானத்தைப் பார்த்தார். அவருடைய நாக்கில் பதில் தயாராக இருந்தது. வெயில் அடிக்குதும்மா, ஒண்ணும் ஆகாது, போய்ச் சாப்பிடுங்க. உண்மையிலேயே அவர் அப்படித்தான் நினைத்தார். ஆற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அது தெரியாது என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியவில்லை. பெரியவர் என்கிற தைரியம் மட்டும் இருந்தது. மிட்டாய் தேடிப் பையில் கைவிட்டார். காலி உறைதான் வந்தது.

"நீ என்ன நினைக்கிறே?" என்றார். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் வாய் அதைச் சொல்லிவிட்டது.

மெல்லிசு யோசித்தாள். "எனக்குப் பயமா இருக்கு ஆன்ட்டி. பயத்துக்காகச் சொல்றேனான்னு ரெண்டு தடவை யோசிச்சுப் பார்த்தேன். நான் சொல்றது தப்பா இருந்தா ஒரு மத்தியானம் வீணாப் போகும், எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. வக்கீல் சொல்றது தப்பா இருந்தா..."

பிரேக்கம்மா தலையை மட்டும் ஆட்டினார். மெல்லிசு திரும்பிப் போனாள். அவள் என்ன சொன்னாள் என்பது இங்கே காதில் விழவில்லை. ஐந்து தலைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் பிரிந்ததும் மட்டும் தெரிந்தது. அடுத்த நிமிஷம், அதுவரை எதிர்த்துக்கொண்டிருந்த வக்கீல் எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அந்த முழுக் குரலால் கத்தினான்: "எல்லாரும் எந்திரிங்க! முகாம் மேட்டுக்குப் போகுது! இப்பவே! அடுப்பை அணைங்க! ஜோடி ஜோடியாத்தான் நடக்கணும், ஜோடியை விட்டு யாரும் நகரக் கூடாது!"

புலம்பாதவர்கள் யாரும் இல்லை. பாதி வெந்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினார்கள். பிரேக்கம்மாவின் மகன்கூட, "இது என்ன பைத்தியக்காரத்தனம்" என்று முனகியபடியே இரண்டு மூட்டைகளைச் சுமந்தான். வக்கீல் எல்லாவற்றிலும் கனமான பெரிய கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, போவதும் வருவதுமாக இருந்தான். பிரேக்கம்மாவுக்கு ஒரு சட்டியைக் கொடுத்து, "நீங்க இதை மட்டும் எடுத்துட்டு வாங்க ஆன்ட்டி" என்று ஒருத்தி சொன்னாள். அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் கணவர் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "வெயில்ல எதுக்கும்மா இந்தக் குதிரையாட்டம்?" என்றார். "தெரியல. பேசாம தூக்குங்க" என்றார் இவர்.

மேட்டில் பாறைகளுக்கு நடுவே எல்லோரும் சேர்ந்தார்கள். அணித்தலைவர்கள் தங்கள் ஆட்களை எண்ணி, சரி என்று கையைத் தூக்கினார்கள். கீழே புல்வெளியில் ஒரே ஒரு கூடாரம் மிச்சம். வக்கீல் அதற்காக மறுபடி இறங்கப் போனான்.

"வேண்டாம்" என்றாள் மெல்லிசு.

"ஓடிப்போய் ஓடி வந்திடறேன். புதுசு அது."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. அவன் நின்றான்.

பிறகு அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நீண்ட ரயில் ஒன்று மரப்பாலத்தில் போவதுபோல் இருந்தது. பறவைகள் ஒரே கூட்டமாக மேலே எழும்பின. ஆற்றின் வளைவில் முதலில் தெரிந்தது தண்ணீரே இல்லை என்பார் பிரேக்கம்மா. ஒரு மரம் தெரிந்தது. வேரோடும் கிளையோடும் நிமிர்ந்து நின்றபடியே அது நடந்து வந்தது. அதன் பின்னால்தான் தண்ணீர் வந்தது. பழுப்பாகவும் தடிப்பாகவும், கல்லையும் மண்ணையும் புதரையும் தன்னோடு உருட்டிக்கொண்டு, ஆள் உயரச் சுவராக வந்தது. வெயில் அதன்மேல் பளபளவென்று அடித்தது. வானம் அப்போதும் நீலமாகவே இருந்தது. எங்கேயோ மலைக்கு அப்பால் பெய்த மழை, இங்கே யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்திருந்தது.

புல்வெளி இல்லாமல் போனது. சற்றுமுன் அவர் நாற்காலி போட்டிருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றது. அடுப்புக் கற்கள் இருந்த இடம், பொத்தான் தன் கூடாரத்தை நேராகக் கட்டியிருந்த இடம், எல்லாவற்றின் மேலும் அது ஓடியது. மிச்சமிருந்த கூடாரம் ஒரு முறை உப்பி, ஒரு கைக்குட்டையைப்போல் மடங்கி மறைந்தது. காலடியில் பாறை நடுங்குவதை உள்ளங்காலில் உணர்ந்தார்கள். பச்சை மண்ணின் வாசனை மேடு முழுக்க ஏறியது.

அழ வேண்டிய பிள்ளைகள்கூட அழ மறந்து நின்றார்கள். பிரேக்கம்மாவின் கணவர் தலையிலிருந்து தொப்பியை எடுத்து, பெரிய மனிதர் யாரோ எதிரில் நிற்பதுபோல் கையில் வைத்துக்கொண்டார். பிரேக்கம்மா ஆற்றைப் பார்த்தார். பிறகு மெல்லிசைப் பார்த்தார். அந்தப் பெண் ஆற்றைப் பார்க்கவில்லை. உதடு அசைய, திரும்பத் திரும்பத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது" என்று பிற்பாடு பிரேக்கம்மா என்னிடம் சொன்னார். "ஆத்தைப் பார்த்து மட்டும் இல்ல. நான் வாயைத் திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அப்பத்தான் புரிஞ்சுது. நான் சொல்லியிருந்தா அவங்க கேட்டிருப்பாங்க. எல்லாரும் நல்ல பிள்ளைங்க. அவ்வளவு மரியாதை எம்மேல."

அன்று அவர்களால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. பாறைகளுக்கு நடுவே கூடாரம் கட்டினார்கள். பாதி வெந்ததை மறுபடி வேகவைத்துச் சாப்பிட்டார்கள். குடிக்கிற தண்ணீரை அளந்து ஊற்றினார்கள். சின்னப் பிள்ளைகளை நடுவில் படுக்கவைத்துச் சுற்றிலும் பெரியவர்கள் படுத்தார்கள். இதில் பெரியவர்கள் என்பது பதினைந்தும் பதினாறும் வயதானவர்கள்.

மறுநாள் விடிந்ததும் எதிர்க்கரையில் டாக்டர் தெரிந்தார். ராத்திரி முழுக்க அங்கேதான் நின்றிருப்பார் போலிருந்தது. கையை ஆட்டி ஏதோ கத்தினார். ஆற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பிரேக்கம்மாவும் பதிலுக்குக் கத்திப் பார்த்தார். பயிற்சிக் காரிலிருந்து கத்தியே ஊர்ச் சாலைகளை நடுங்கவைத்த அந்தத் தொண்டை பாதி ஆறுகூடத் தாண்டவில்லை.

மெல்லிசு இரண்டு துண்டுகளை வாங்கிக்கொண்டு ஒரு பாறைமேல் ஏறினாள். கைகளை நீட்டியும் மடக்கியும், ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எழுத்து என்ற கணக்கில், கொடி எழுத்தில் பேசத் தொடங்கினாள். படையில் சேர்ந்த முதல் வாரமே எல்லோரும் விளையாட்டாகக் கற்றுக்கொள்வது அது. எதிர்க்கரையில் டாக்டர் சட்டென்று அசைவற்று நின்றார். அவரும் சின்ன வயதில் அதைக் கற்றவர்தானே. அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி முடித்ததும் அவர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது.

"என்னம்மா சொன்னே?" என்று கேட்டார் பிரேக்கம்மா.

"எல்லாரும் இருக்கோம்னு சொன்னேன்."

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் எழுந்து தன் சட்டையைக் கழற்றி, கைக்குட்டையையும் சேர்த்துப் பிடித்து, பதில் சொன்னார். பாறைமேல் பொத்தான் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தான். "கா... து... வ... லி... போ... ச்... சு. காது வலி போச்சாம்!" மேடு முழுக்கக் கைதட்டல் எழுந்தது.

அதற்கடுத்த நாள் தண்ணீர் வடிந்து, கயிறு கட்டி எல்லோரும் கரை சேர்ந்தார்கள். ஊரில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சுகளில் பெரியவர்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தகப்பனார் எழுந்து பிரேக்கம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "பசங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்காங்க. அந்த நேரத்துல பெரியவங்க நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"உக்காந்திருந்தேன்" என்றார் பிரேக்கம்மா.

அறை கொந்தளித்தது. அவர் அது அடங்கும்வரை நின்றார். பிறகு சொன்னார்: "நான் ஒரு தப்புப் பண்ணினேன், அதைச் சொல்லிடறேன். கையைக் கட்டிக்கிட்டு உக்கார்றது வேற, கண்ணைக் கட்டிக்கிட்டு உக்கார்றது வேற. அந்த ஆறு எங்கேருந்து வருது, மேல மழை பெஞ்சா எவ்வளவு நேரத்துல கீழ வரும்னு போறதுக்கு முன்னாடியே விசாரிச்சிருக்க வேண்டியது நானும் டாக்டரும். அது பசங்க வேலை இல்ல, எங்க வேலை. அதை நாங்க செய்யல. ஆனா அன்னைக்கு மத்தியானம் நான் எந்திரிச்சு நின்னு உத்தரவு போட்டிருந்தா, கீழயே இருங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

கேள்வி கேட்ட தகப்பனார் பொத்தானின் அப்பா. வெளியே வராந்தாவில் பிள்ளைகள் கூடிப் பேசிக்கொண்டிருந்த சத்தம் வந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உட்கார்ந்தார். பையனைப் படையிலிருந்து அவர் எடுக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் எடுத்தன. அதைப் பற்றி யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை.

அதன் பிறகு பிரேக்கம்மா ஆறுகளைப் பற்றிப் படித்தார். மலைக்கு மேலே மழை அளக்கும் நிலையத்தின் தொலைபேசி எண்ணை வாங்கி, ஒவ்வொரு முகாமுக்கு முன்பும் அங்கே இருப்பவரைத் துளைத்தெடுத்தார். புதிதாகத் துணைக்கு வரும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பை டாக்டர் அவரிடமே விட்டுவிட்டார். நானும் அப்படி ஒருநாள் போய் உட்கார்ந்தவன்தான். பெரிய பேச்செல்லாம் இல்லை. எங்களை ஒரு முகாமில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பக்கத்தில் அவரும் உட்கார்ந்துகொண்டார். நான் எழ முயன்றபோதெல்லாம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எதுக்கு எந்திரிக்கிறீங்க? யாருக்காவது அடிபட்டிருச்சா?"

"இல்ல. அந்தப் பொண்ணு விறகை ஈரத்துல வைக்குது."

"வைக்கட்டும். தீ பத்தாது, பத்தலன்னு தெரிஞ்சுக்கும். அப்புறம் என்ன பண்ணுதுன்னு பாருங்க. அதைப் பார்க்கத்தான் நாம வந்திருக்கோம்."

"நாம சொன்னா சீக்கிரம் முடியுமே?"

"முடிஞ்சிடும்" என்றார் அவர். "அதான் பயமா இருக்கு."

மெல்லிசுக்குப் பதினாறு முடிந்ததும் படை வேறு தலைவரைத் தேர்ந்தெடுத்தது. வக்கீல்தான் வென்றான். புதிய தலைவர்கள் கூடி, அந்த ஆண்டு முகாமுக்கு அதே மலையடிவாரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். கூடாரம் மட்டும் மேட்டுக்கு மேலே. பெற்றோர்களுக்கு மூச்சு நின்றது. பிரேக்கம்மா மழை நிலையத்தைக் கேட்டார், வழியை நடந்து பார்த்துவிட்டு வந்தார், சரி என்று தலையை ஆட்டினார்.

போன அன்று சாயங்காலம் எல்லோருமாக ஆற்றைப் பார்க்க இறங்கினோம். நானும் இருந்தேன். ஆறு கணுக்கால் அளவுக்கு, ஒன்றும் தெரியாத குழந்தைபோல் சலசலத்துக்கொண்டிருந்தது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட பாறைகள் சின்னச் சின்ன வீடுகள்போல் கிடந்தன. அதில் ஒன்றை நாங்கள் எல்லோரும் சேர்ந்தாலும் ஒரு விரற்கடை நகர்த்தியிருக்க முடியாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

மேலே திரும்பியதும் வக்கீல் தலைவர்களை வட்டமாக உட்காரவைத்தான். மறுநாள் திட்டத்தைத் தன் கணீர்க் குரலில் கடகடவென்று சொல்லி முடித்தான். நல்ல திட்டம்தான், மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. மற்றவர்கள் எழப் போனார்கள். அவன் எழவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்: "யாருக்காவது வேற மாதிரி தோணுதா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல. சொல்லுங்க, நான் கேக்கறேன்."

நாற்காலியில் என் பக்கத்தில் இருந்த பிரேக்கம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வட்டத்தில் ஒரு சின்னக் கை தயங்கித் தயங்கி மேலே எழும்பியது.